பிளாஸ்மாக் கலமும் ஊவாத் தோட்டங்களும்: நிர்ப்பீடன வரலாற்றில் ஒரு நோக்கு

மலையகத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குடிபெயர்வு, கங்காணி முறை, துண்டு முறைக் கடன், தொழிற்சங்க எழுச்சி, குடியுரிமைப் பறிப்பு என்பனவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். நோய்களைப் பற்றியும் அங்குமிங்கும் குறிப்புக்கள் உள. ஆயின், அந்நோய்களை எதிர்த்து மனித உடல் தானே நடத்திய போர் நமது வரலாற்று நூல்களில் இடம்பெறுவதில்லை. அது மருத்துவ பீடத்தார்க்கு உரியதென ஒதுக்கப்பட்டு விட்டது. கலைப்பீடத்து மாணவன் நுணுக்குக்காட்டியை எட்டிப் பார்ப்பது மரபன்று என்பது உண்மையே. எனினும், ஒரு தாயின் குருதியிலே காப்புப் பொருள் இருந்ததா இல்லையா என்பதைக் கொண்டே லயத்திற் பிறந்த குழந்தை பத்தாம் நாளைக் கண்டதா என்பது தீர்மானிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்ததாயின், அக்காப்புப் பொருளின் வரலாறும் தோட்ட வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

ஊவாவின் நில அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள பெரகலச் சந்தி ஓர் எல்லைக்கல் போன்றது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் நெடுஞ்சாலை இங்கே பிரிகிறது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலி எலவை அடைந்து பதுளைக்கு வழிவிடுகிறது. மற்றையது கொஸ்லந்தை, தியலும நீர்வீழ்ச்சி ஆகியவற்றைக் கடந்து வெல்லவாயாவின் வெப்பச் சமவெளிக்கு இறங்குகிறது. மேலே தேயிலையும் பனிமூட்டமும். கீழே வரண்ட வலயமும், மிக அண்மைக் காலம் வரை அதனோடு பிரியாதிருந்த மலேரியாக் காய்ச்சலும். சில மணி நேர நடையிலே ஒரு மனிதன் ஒரு நோயுலகை விட்டு இன்னொரு நோயுலகிற்குட் புகுந்துவிடுவான். இந்த ஏற்ற இறக்கத்தின் பொருளைப் பின்னர் காண்போம்.

ஹப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் வாங்கியது 1890 இல் ஆகும். புகையிரதம் ஹப்புத்தளையை 1893 இலும் பதுளையை 1924 இலும் வந்தடைந்தது. தேயிலை பெருகப் பெருகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்த வண்ணம் இருந்தனர். கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தோருள் வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் இரையானோர் பலர். 1840 களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் மாண்டனர் என அக்காலப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. அத்தொகையைப் பிற்கால ஆய்வாளர் சிலர் ஏற்பதில்லை. தொகை எதுவாயினும் சாவு பெரிதென்பதில் ஐயமில்லை.

அரசு இதற்குக் கண்ட விடை தனிமைப்படுத்தலும் அம்மைப்பால் குத்துதலும் ஆகும். எட்வேட் ஜென்னர் 1796 இல் கண்டறிந்த அம்மைப்பால் 1802 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தலைமன்னார் வழி முதன்மை பெற்றபின், மண்டபம் முகாமே தோட்டங்களின் வாயிலாயிற்று. அங்கே ஆண், பெண், குழந்தை என்ற வேறுபாடின்றித் தடுத்து வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, அதன்பின்னரே கப்பலேற்றப்பட்டனர். இதில் கருணை இல்லை என்று கூறிவிட முடியாது. ஆனால் கருணை மட்டுமே இருந்தது என்றும் கூறுவதற்கில்லை. தொழிலாளி நோயைச் சுமந்து வருபவனாகவே நோக்கப்பட்டான். அவனது தோளில் விழுந்த தழும்பு துரைமார் முதலீட்டிற்கான காப்புறுதியாகவும் அமைந்தது. தழும்பின் கீழே உடலினுள் நடப்பது யாதென்பதோ, ஊசி குத்திய வைத்தியருக்கும் தெரியாது, குத்தச் சொன்ன தேசாதிபதிக்கும் தெரியாது.

லிப்டன் தம்பேதன்னையை வாங்கிய அதே 1890 ஆம் ஆண்டின் இறுதியில் அதனை அறிவதற்கான முதற்படி பேர்லின் நகரில் எடுத்து வைக்கப்பட்டது. எமில் வொன் பேரிங் என்ற ஜேர்மானியரும் ஷிபசபுரோ கிட்டசாட்டோ என்ற ஜப்பானியரும் முயல்களுக்கு ஏற்புவலியின் நஞ்சைத் தாங்கும் வலுவை ஊட்டினர். அம்முயல்களின் குருதியைச் சுண்டெலிகளுக்கு ஏற்றினர். பின்னர் அச்சுண்டெலிகளுக்கு ஏற்புக் கிருமியைக் கொடுத்தனர். சுண்டெலிகள் இறக்கவில்லை. காப்பு குருதியிலே கரைந்து நிற்கும் ஒரு பொருள் என்பதும், அதனை ஓருடலிலிருந்து இன்னோருடலுக்கு மாற்றலாம் என்பதும் நிறுவப்பட்டன. அடுத்த ஆண்டிலே போல் ஏர்லிக் அப்பொருளைக் குறிக்கும் சொல்லை எழுத்திற் புகுத்தினார். அதனையே நாம் பிறபொருளெதிரி என்கிறோம். மருத்துவத்திற்கான முதல் நொபெல் பரிசு 1901 இல் பேரிங்குக்குக் கிடைத்தது. கிட்டசாட்டோவுக்குப் பங்கு கொடுக்கப்படவில்லை. ஏற்புக் கிருமியைத் தனித்து வளர்த்தெடுத்தவரே அவர்தான் என்பதை நினைக்குமிடத்து இது நெருடவே செய்கிறது.

பொருள் அகப்பட்டது, அதனை ஆக்கும் இடம் அகப்படவில்லை. இதிற் சுவையானது என்னவெனில், அவ்விடம் அதே ஆண்டுகளில் அறிஞர் கண்முன்னரே இருந்தது என்பதாகும். பிளாஸ்மாக் கலம் என்ற பெயர் 1875 இல் வால்டயர் என்பவரால் ஆளப்பட்டது. அவர் குறித்தது வேறு கலமாக இருத்தல் கூடும். இன்று நாம் அப்பெயரால் அழைக்கும் கலத்தை 1890, 1891 ஆம் ஆண்டுகளில் ஸ்பானிய அறிஞர் ரமோன் காஹாலும் ஜேர்மானியரான உன்னாவும் கண்டு விவரித்தனர். முட்டை வடிவு, ஒரு பக்கமாக ஒதுங்கிய கரு, அக்கருவினுள்ளே வண்டிச் சக்கரத்தின் ஆரைகள் போன்ற திட்டுக்கள் என அதன் உருவம் யாவும் எழுதப்பட்டது. அதன் தொழில் மட்டும் எழுதப்படவில்லை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம், அழற்சி கண்ட இழையங்களில் வந்து குவியும் ஏதோ ஒரு கலம் என்ற அளவிலேயே அது கிடந்தது. குருதியை ஆராய்ந்தோர் கலத்தை நோக்கவில்லை. கலத்தை ஆராய்ந்தோர் குருதியை நோக்கவில்லை.

இரண்டையும் இணைத்தவர் சுவீடன் நாட்டுப் பெண்மணியான அஸ்திரிட் பாக்ரேயுஸ். டென்மார்க்கைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர், மீண்டும் மீண்டும் கிருமி ஏற்றப்பட்ட முயல்களில் பிளாஸ்மாக் கலங்கள் பெருகுவதை 1940 களின் தொடக்கத்திலேயே கண்டிருந்தனர். பாக்ரேயுஸ் ஒருபடி மேற்சென்றார். நிர்ப்பீடனம் ஊட்டப்பட்ட முயலின் மண்ணீரலைச் சிறு துண்டுகளாக்கிக் கண்ணாடிக் கலனில் உயிரோடு பேணி, எத்துண்டு பிறபொருளெதிரியை வெளிவிடுகிறது என்று அளந்தார். மண்ணீரலின் வெண்கூழில் அது குறைவாகவும், முதிர்ந்து வரும் பிளாஸ்மாக் கலங்கள் செறிந்த செங்கூழில் மிகுதியாகவும் காணப்பட்டது. கலம் முதிர்வதும் பிறபொருளெதிரி தோன்றுவதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இம்முடிவு 1948 இல் ஸ்டொக்ஹோமில் அவரது கலாநிதிப் பட்ட ஆய்வேடாக வெளிவந்தது.

1948 என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வேறொன்று. அவ்வாண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. ஓராண்டிலே நடந்த இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரணகாரியத் தொடர்பு எதுவுமில்லை. ஆனால், முன்னதன் பயன் லயத்தை வந்தடைய ஏற்பட்ட தாமதத்திற்குப் பின்னதும் ஒரு காரணம் என்பது என் கருத்து. வாக்கில்லாத மக்களின் நோய்க்காகப் பாராளுமன்றத்தில் உரத்துப் பேச யாரிருந்தனர்?

பிளாஸ்மாக் கலம் எதிலிருந்து தோன்றுகிறது என்ற வினா எஞ்சியது. இதற்கான விடை கோழியிலிருந்து வந்தது. கோழியின் கழிவாய்க்கு அண்மையிலே சிறு பை ஒன்றுண்டு. பதுவா நகரத்து உடற்கூற்றறிஞர் பப்ரீசியஸ் விவரித்தமையால் அது அவர் பெயராற் பப்ரீசியஸ் பை எனப்படும். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதன் பயன் எவருக்கும் விளங்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் ஒஹாயோவில் புறூஸ் கிளிக் என்ற மாணவர் சில குஞ்சுகளின் பையை வெட்டி அகற்றி வளர்த்திருந்தார். அவருடைய தோழர் திமத்தி சாங், வகுப்பிலே பிறபொருளெதிரி தோன்றுவதை மாணவர்க்குக் காட்டுவதற்காக அக்கோழிகளை இரவல் வாங்கிக் கிருமிப்பொருளை ஏற்றினார். பையில்லாக் கோழிகளிலே பிறபொருளெதிரி தோன்றவில்லை. பெயர்பெற்ற சஞ்சிகை ஏற்காமையால் இக்கண்டுபிடிப்பு 1956 இல் கோழி வளர்ப்போர்க்கான ஆய்விதழில் வெளியாயிற்று. பல்லாண்டு எவரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1965 இல் மாக்ஸ் கூப்பரும் அவரது குழுவினரும், நிர்ப்பீடனக் குழியங்கள் இருவகையின என்றும், பையிலே முதிர்பவையே பிறபொருளெதிரிக்கு மூலம் என்றும் காட்டினர். அப்பையின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தே பீ நிணநீர்க்குழியம் என்ற பெயராக நிலைத்தது. மனிதருக்கு அப்பை இல்லை. நமக்கு அத்தொழிலைச் செய்வது என்புமச்சை. லயத்துக் கோடியில் கூடையால் மூடி வைக்கும் கோழியிடம் மருத்துவ உலகம் பட்ட கடன் சிறிதன்று.

இடையே அவுஸ்திரேலியாவில் மக்பார்லேன் பர்னெட் 1957 இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். உடல் நோய்ப்பொருளைக் கண்டபின் அதற்கேற்ற ஆயுதத்தை வார்ப்பதில்லை. எண்ணிறந்த வடிவங்களைத் தாங்கிய குழியங்களை முன்னரே ஆக்கி வைத்திருக்கிறது. நோய்ப்பொருள் தனக்குப் பொருந்தும் குழியத்தைத் தெரிந்தெடுத்துப் பெருகச் செய்கிறது என்பதே அக்கொள்கை. அடுத்த ஆண்டிலே நொசல், லெடர்பேர்க் இருவரும் ஒரு கலம் ஒருவகைப் பிறபொருளெதிரியையே ஆக்குகிறது என்று கண்டு இதற்கு வலுவூட்டினர்.

இன்று நாம் அறிந்தவாறு அந்நிகழ்ச்சி பின்வருமாறு நடைபெறுகிறது. பீக் குழியம் என்புமச்சையிற் பிறக்கும்போதே பரம்பரையலகுத் துண்டுகளை வெட்டி இணைத்துத் தனக்கெனத் தனியான ஓர் ஏற்பியை அமைத்துக் கொள்கிறது. இவ்வுண்மையைச் சுசுமு தொனெகாவா 1976 இல் காட்டினார். பின்னர் அக்குழியம் குருதியிலும் நிணநீரிலும் சுற்றித் திரியும். பெரும்பாலானவை தமக்குரிய பொருளைச் சந்தியாமலே மடிந்துபோம். சந்தித்த ஒன்று, மண்ணீரலிலோ நிணநீர்க் கணுவிலோ தங்கி, தைமசுச் சுரப்பியில் முதிரும் மற்றைய வகைக் குழியத்தின் துணையைப் பெற்றுப் பிரிவடையத் தொடங்கும். அதன் வழிவந்தவற்றுட் சில, ஒரு சில நாட்களிலேயே பிளாஸ்மாக் கலங்களாகி அவசர உற்பத்தியிலே இறங்கி விரைவில் இறந்துவிடும். ஏனையவை கணுவினுள்ளே முளைமையம் எனப்படும் இடத்திற் புகுந்து, ஏற்பியின் பரம்பரையலகிலே சிறு விகாரங்களை உண்டாக்கிக் கொள்ளும். விகாரத்தால் நோய்ப்பொருளை இறுகப் பற்றக் கூடியனவாக மாறியவை தேர்ந்தெடுக்கப்படும், தளர்ந்தவை அழியும். தேறியவற்றுள் ஒரு பகுதி நினைவுக் குழியங்களாகி ஓய்ந்திருக்கும். இன்னொரு பகுதி பிளாஸ்மாக் கலங்களாகும்.

இம்மாற்றம் முழுமையானது. குழியம் பிரிவடையும் ஆற்றலை இழக்கிறது. புறத்தேயிருந்த ஏற்பியையும் பெரும்பாலும் இழக்கிறது. புரதம் ஆக்கும் அகமுதலுருச் சிறுவலை பெருத்துக் கலத்தை நிரப்ப, கரு ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. காஹால் கண்ட உருவத்தின் காரணம் இதுவே. இவ்வாறு மாறியபின் வினாடிக்கு ஆயிரக்கணக்கான பிறபொருளெதிரி மூலக்கூறுகளை அக்கலம் வெளிவிடும். பீக் குழியத்துக்குரிய பண்புகளை அடக்கி இம்மாற்றத்தை ஏவும் புரதம் ஒன்று 1994 இல் இனங்காணப்பட்டு, பிளிம்ப்-1 எனப் பெயர் பெற்றது.

வரலாற்று மாணவருக்கு மிக முக்கியமானது இதற்குப் பின் வருவது. பிளாஸ்மாக் கலங்கள் யாவும் சில நாட்களில் மடிவன என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 1997, 1998 ஆம் ஆண்டுகளில் சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகள், அவற்றுட் சில என்புமச்சையை அடைந்து நீண்டகாலம் வாழ்ந்து ஓயாது சுரக்கின்றன எனக் காட்டின. எல்லா நோய்க்கும் இக்காப்பு ஒரே அளவிற் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 2007 இல் வெளியான ஆய்வொன்றின்படி, அம்மைப்பாலினால் தோன்றிய பிறபொருளெதிரி பாதியாகக் குறைவதற்கு 92 ஆண்டுகள் செல்லும். ஏற்புவலிக்கெதிரானது 11 ஆண்டுகளிலேயே பாதியாகிவிடும். மண்டபத்தில் ஒருமுறை அம்மை குத்தப்பட்ட ஒருவர் தமது ஆயுள் முழுவதற்கும் ஓரளவு காப்பைச் சுமந்தே ஊவாவில் உழைத்தார் என நாம் இப்போது கூற முடியும்.

மலேரியாவின் கதை இதற்கு எதிர்மாறானது. 1934 இன் பிற்பகுதியிலிருந்து 1935 இன் முற்பகுதி வரை இலங்கையை உலுக்கிய கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். ஆண்டுதோறும் காய்ச்சல் கண்ட வரண்ட வலயத்தைவிட, வழக்கமாக மலேரியா அரிதாயிருந்த கேகாலை போன்ற பகுதிகளே பேரழிவைக் கண்டன. வரண்ட வலயத்து வளர்ந்தோர் குழந்தைப் பருவத்திலிருந்து பட்டுப்பட்டுப் பெற்ற நிர்ப்பீடனமே இவ்வேறுபாட்டின் பெருங்காரணம். அந்நிர்ப்பீடனத்தின் ஒரு கூறு பிறபொருளெதிரியே என்பது 1961 இல் ஆபிரிக்காவின் காம்பியாவில் நிரூபிக்கப்பட்டது. வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிரித்த பிறபொருளெதிரியைக் காய்ச்சல் கண்ட சிறுவருக்கு ஏற்றியபோது ஒட்டுண்ணிகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால், மீண்டும் மீண்டும் தொற்று ஏற்படாவிடில் இக்காப்பு தேய்ந்துவிடும். எனவே பெரகலைக்கு மேலே குளிர்நாட்டிற் பிறந்து வளர்ந்த ஒருவர், கதிர்காம யாத்திரைக்காக வெல்லவாயா வழி இறங்கியபோது, கீழ்நாட்டாருக்கு இருந்த காப்பு எதுவுமின்றியே இறங்கினார். தொழிலாளரின் உடல்வலு இனத்தால் அமைந்தது எனத் துரைமாரிடையே நிலவிய எண்ணத்திற்கு இதைவிட வேறு மறுப்பு வேண்டுவதில்லை. வலு இனத்தில் இல்லை, பட்ட நோயின் கணக்கிலே இருந்தது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 இல் உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிசெய்யப்பட்டமையால் அவ்வெல்லைக்கோடு இன்று அழிந்துவிட்டது.

ஏற்புவலிக்கு மீள்வோம். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்தியாக நெடுநாள் கிடக்கும். தூய்மையற்ற கருவியால் அறுக்கப்பட்ட தொப்புள்கொடி வழியே உட்புகுந்து, பிறந்த சில நாட்களில் குழந்தையின் தாடையை இறுக்கி, பால்குடியை நிறுத்தி, உடலை வில்லாக வளைத்துக் கொல்லும். லயக் காம்பராவின் மண்தரையில், மாட்டுத் தொழுவம் அருகிலிருக்க நடந்த பிள்ளைப்பேறுகளுக்கு இந்நோய் அயலில் நின்ற கூற்றுவனாயிற்று. பெற்றோர் தோஷம் என்றனர். பதிவாளர் வலிப்பு என எழுதினார். 1872 இலிருந்து மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள் பல இயற்றப்பட்டன. 1912 இல் அவை திருத்தப்பட்டு விரிவாக்கப்பட்டன. தோட்டத்திற்கொரு மருந்தகமும், சிலவற்றில் பிள்ளைப்பேற்று விடுதியும் ஏற்பட்டன. ஆயினும் தோட்டச் சுகாதாரம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவே விடப்பட்டமையால், நாட்டின் பொதுச் சுகாதார சேவை வளர்ந்த வேகத்தில் அது வளரவில்லை.

இக்குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுப் பயனில்லை. அதன் பீக் குழியங்கள் பிளாஸ்மாக் கலங்களாக முதிர்ந்து போதிய பிறபொருளெதிரியை ஆக்க வாரங்கள் செல்லும். நோயோ ஒரு வாரத்திலே வந்துவிடும். ஆகவே ஊசி தாய்க்கே போடப்படல் வேண்டும். தாயின் பிளாஸ்மாக் கலங்கள் ஆக்கும் பிறபொருளெதிரி சூல்வித்தகத்தைக் கடந்து குழந்தையின் குருதியை அடையும். பேர்லினில் முயலிலிருந்து சுண்டெலிக்கு ஊசியால் மாற்றப்பட்டதை இங்கே இயற்கையே மாற்றிக் கொடுக்கிறது. வீரியங் கெடுக்கப்பட்ட ஏற்பு நஞ்சு 1920 களிலேயே பிரான்சில் ஆக்கப்பட்டது. கருவுற்ற பெண்களுக்கு அதனை ஏற்றுவதால் குழந்தைகள் காக்கப்படுகின்றனர் என்பது நியூகினியில் நடந்த ஆய்வினால் 1961 இல் தெரியவந்தது. இலங்கையில் கருவுற்ற தாய்மார்க்கு இவ்வூசி ஏற்றுந் திட்டம் 1969 இல் தொடங்கியது. பேரிங், கிட்டசாட்டோ ஆய்விலிருந்து எண்ணின் எழுபத்தொன்பது ஆண்டுகள்.

தொடங்கிய நாளிலேயே அது தோட்டத்தை எட்டிவிடவில்லை. 1970 களிலும் தோட்டச் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியைவிட வெகுவாக உயர்ந்து நின்றது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் அதனை மேலும் உயர்த்திற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபின், பிள்ளைப்பேறு படிப்படியாகக் காம்பராவிலிருந்து வைத்தியசாலைக்கு மாறியது. தாய்மார்க்கான ஊசியும் பரவலாயிற்று. இவ்விரண்டில் எது கூடுதலான உயிர்களைக் காத்தது என்பதைப் பிரித்துக் கூறுதல் எளிதன்று. காப்பு 11 ஆண்டுகளிற் பாதியாகும் இயல்பினது. முற்பிறப்புக்களின்போது பெற்ற ஊசிகளின் எண்ணிக்கையைப் பார்த்தே தாய்க்கு அடுத்த ஊசி தீர்மானிக்கப்படுவதன் காரணம் அதிலே உள்ளது. தாய்க்கும் பிறந்த சிசுவுக்கும் வரும் ஏற்புவலி ஒழிக்கப்பட்ட பிராந்தியமாகத் தென்கிழக்காசியா 2016 இல் அறிவிக்கப்பட்டது.

ஊவாத் தோட்டங்களில் ஏற்புவலியால் இறந்த சிசுக்கள் எத்தனை என்பதை எழுத விரும்பும் ஆய்வாளர், ஏற்புவலி என்ற தலைப்பின் கீழ் மட்டும் தேடுவது போதாது. பழைய மரணப் பதிவுகளில் வலிப்பு எனக் குறிக்கப்பட்ட இடங்களை எடுத்து, குழந்தையின் வயது நாட்கணக்கிலே தரப்பட்டவற்றைத் தனியாகப் பிரித்தல் வேண்டும். நாலாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையே விழுந்தவையே முதலில் எண்ணப்பட வேண்டியவை.